ஆடாத அறை எங்கே?

கப்பலில் அதிகப் பணம் கொடுத்தவர்தான் பெரும்பாலும் அதிகம் ஆடுகிறார். காரணம் தெரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை, மைசூரே போதும்.

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. பந்திப்பூர், முதுமலை வரை பிரச்னை இல்லை. பிறகு மலை ஏற்றம். கல்லட்டி வழியாகப் போனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வால்போல வீசப்படுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடப்படுகிறது. அனுபவப்பட்டவர்கள் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஜன்னலோரமாக இடம் பிடித்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த ஜாக்கிரதை கப்பல் டிக்கெட் வாங்கும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. ஓய்வு பெற்ற தம்பதியோ, புதிதாகத் திருமணமானவர்களோ, முதன்முதலாகக் கடலில் இரண்டு இரவு கழிக்கக் கிளம்பும்போது தேடுவது உயரமான தளம், பால்கனி, முடிந்தால் கப்பலின் முகப்பில் ஓர் அறை. பஸ்ஸில் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் கடைசி சீட்டைக் கப்பலில் கூடுதல் பணம் கட்டி வாங்குகிறார்கள். வாங்கியது என்ன என்பது கடல் சற்றுச் சீறிய பிறகுதான் தெரிகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூருக்குக் கடல் தூரத்து உறவு. மங்களூர் துறைமுகத்துக்கே சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டும். படகு என்றால் காரஞ்சி ஏரிப் படகு என்றிருந்த ஊர். ஆனால் உல்லாசக் கப்பல் இப்போது சிங்கப்பூருக்கோ மியாமிக்கோ போய்த்தான் ஏற வேண்டிய வாகனம் அல்ல. 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' மும்பையிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அது கிளம்பியது. 1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல். நீளம் சுமார் 211 மீட்டர். ஜன்னலே இல்லாத உள்ளறை முதல் பால்கனியுடன் கூடிய சூட் வரை பல தரங்கள். உலகெங்கும் உல்லாசக் கப்பல்களில் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு: விலை ஏற ஏற அறை மேலே போகிறது, ஓரத்துக்குப் போகிறது. ஆட்டமும் கூடவே போகிறது என்பதை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை.

சீசா பலகையும் அம்பாரியும்

கடலில் கப்பல் ஒரே மாதிரி ஆடுவதில்லை. மாலுமிகள் ஆறு விதமான அசைவுகளைக் கணக்கிடுகிறார்கள். பயணியின் வயிற்றைக் கலக்குபவை முக்கியமாக மூன்று. கப்பல் முழுவதுமாக மேலே எழும்பிக் கீழே இறங்குவது ஒன்று. முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி உயர்ந்து தாழ்வது இரண்டாவது. இடமும் வலமுமாகச் சாய்வது மூன்றாவது.

முதல் அசைவு எல்லோருக்கும் பொது. அதிலிருந்து எந்த அறையும் தப்ப முடியாது. மற்ற இரண்டும் அறைக்கு அறை வேறுபடுகின்றன.

முன்னும் பின்னுமான ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் சீசா பலகை போதும். நடுவில் தாங்கும் இடத்தில் உட்கார்ந்தவர் அசைவதில்லை. நுனியில் இருப்பவர்தான் வானத்துக்கும் பூமிக்கும் போய் வருகிறார். கப்பலுக்கும் அப்படி ஒரு தாங்குபுள்ளி இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் அது நட்ட நடுவிலோ, அதற்குச் சற்றுப் பின்னாலோ அமைகிறது. தமிழகக் கடற்கரை மீனவர்கள் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்துக்கும் அமரத்துக்கும் இடைப்பட்ட பகுதிதான் அசைவு குறைந்த இடம்.

எவ்வளவு வித்தியாசம்? ஒரு சிறு கணக்கு. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் 8 வினாடிக்கு ஒருமுறை வெறும் 2 டிகிரி முன்னும் பின்னும் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கே தெரியாத சாய்வு. ஆனால் தாங்குபுள்ளியிலிருந்து 80 மீட்டர் தள்ளி, முகப்பருகே இருக்கும் அறை சுமார் 2.8 மீட்டர் மேலே போய், அதே அளவு கீழே இறங்குகிறது. மொத்தம் ஐந்தரை மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். 15 மீட்டர் தள்ளி இருக்கும் அறைக்கு இந்தப் பயணம் ஒரு மீட்டர்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் முகப்பு அறையில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது நின்றால் முள் 58-க்கும் 82-க்கும் இடையே போய் வரும். நடு அறையில் 68-லிருந்து 72 வரைதான். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஏற்படும் அந்தச் சின்ன நழுவல், முகப்பு அறையில் இரவு முழுவதும் நிமிடத்துக்கு ஏழெட்டு முறை நிகழ்கிறது.

பக்கவாட்டுச் சாய்வுக்கு மைசூர்வாசிகளுக்குத் தெரிந்த உதாரணம் தசரா ஊர்வலத்து யானை. சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்துகொண்டு அது அடி எடுத்து வைக்கும்போது, காலடியில் சின்ன அசைவு, அம்பாரியின் உச்சியில் பெரிய அசைவு. மரியாதைக்குரிய இடம் உயரத்தில் இருக்கிறது; அதிகம் ஆடும் இடமும் அதுதான். கப்பல் இடவலமாக 5 டிகிரி சாய்ந்தால், சாயும் அச்சுக்கு 20 மீட்டர் மேலே இருக்கும் அறை ஒரு பக்கத்துக்கு 1.7 மீட்டர் நகர்கிறது. 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் அறை 35 சென்டிமீட்டர்தான் நகர்கிறது.

ஆனால் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்துக்கு மருந்து உண்டு. உல்லாசக் கப்பல்களின் அடிப்பகுதியில் இருபுறமும் மீனின் துடுப்புபோல உலோகத் துடுப்புகள் நீண்டு, கப்பல் ஓடும் வேகத்தில் நீரின் விசையைப் பயன்படுத்திச் சாய்வை எதிர்க்கின்றன. சாய்வின் பெரும் பகுதியை அவை அடக்கிவிடுகின்றன. ஆனால் முன்னும் பின்னுமான ஆட்டத்துக்கு இந்தத் துடுப்புகளால் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வளவு நீளமான உடலை எதிர்த்துப் பிடிக்க அவற்றுக்கு வலு போதாது. ஆகவே 'கீழ்த் தளம்' என்பதைவிட 'நடுப்பகுதி' என்பதே முக்கியம். இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நடுப்பகுதியைத்தான் பிடிக்க வேண்டும்.

காது சொல்கிறது, கண் மறுக்கிறது

கப்பல் ஆடினால் வயிறு ஏன் புரட்ட வேண்டும்? இதற்கான விடை மைசூரின் மானசகங்கோத்ரி பகுதியில் நாள்தோறும் சோதிக்கப்படும் ஓர் உறுப்பில் இருக்கிறது. 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்துக்குக் காது கேளாதவர்களும் பேச்சுக் குறைபாடு உள்ளவர்களும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வருகிறார்கள். கேட்பது மட்டும் காதின் வேலை அல்ல என்பதால் தலைசுற்றலுக்கான காரணத்தைத் தேடும் சோதனைகளும் அங்கே நடக்கின்றன. காதில் உரத்த ஒலியைச் செலுத்தி, கழுத்துத் தசையில் எழும் மிகச் சிறிய மின்துடிப்பை அளக்கும் சோதனை அவற்றில் ஒன்று. உட்செவியின் சமநிலை உறுப்பு விழித்திருக்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

இந்த உறுப்பில் இரண்டு பகுதிகள். மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அருகே இரண்டு சிறு பைகளில் மெல்லிய ரோமங்களின் மீது சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. உடல் மேலே எழும்பினாலோ கீழே இறங்கினாலோ முன்னே தள்ளப்பட்டாலோ துகள்கள் நழுவுகின்றன, ரோமங்கள் வளைகின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. கப்பல் அறைக்குள் இருக்கும்போது காது 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணோ எதிரே அசையாமல் நிற்கும் சுவரையும் மேசையையும் பார்த்து 'ஆடவில்லை' என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது. வயிறு தண்டனை அனுபவிக்கிறது. பெரும்பாலான நிபுணர்கள் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இதுதான்.

குற்றவாளி உட்செவிதான் என்பதற்குச் சுவாரஸ்யமான சான்று ஒன்று உண்டு. 1958-ல் தொடங்கி அமெரிக்கக் கடற்படையும் விண்வெளி நிறுவனமான நாசாவும், வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கான காலடெட் கல்லூரியைச் சேர்ந்த பதினொரு பேரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. அவர்களில் பத்துப் பேர் சிறுவயதில் மூளை உறைக் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர்கள். அந்நோய் சமநிலை உறுப்பையும் அழித்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பின் நடுவே அவர்களைப் படகில் ஏற்றியபோது அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய வந்த விஞ்ஞானிகளுக்குத்தான் குமட்டல் தாங்கவில்லை. சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று.

எந்த ஆட்டம் மிக மோசமானது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, மேலும் கீழுமான அசைவு ஏறக்குறைய ஆறு வினாடிக்கு ஒருமுறை நிகழும்போது குமட்டல் உச்சத்தைத் தொடுகிறது என்று காட்டியது. அதைவிட மிக வேகமான குலுக்கலை உடல் பொறுத்துக்கொள்கிறது. மிக மெதுவான தாலாட்டு தூக்கத்தைத்தான் வரவழைக்கிறது. நடுத்தரமான கடல் அலையில் கப்பலின் முனைகள் எழுந்து விழும் தாளம் இந்த மோசமான எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பயணிகளின் துரதிருஷ்டம்.

1988-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவர் ஒன்பது கலங்களில் பயணம் செய்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து வெளியிட்ட ஆய்வும் மேலும் கீழுமான அசைவையே முதல் எதிரியாகச் சுட்டியது. பயணிகளில் 7 சதவீதத்தினர் வாந்தி எடுத்திருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மற்ற சமாசாரங்களையும் அனுபவம் சொல்கிறது: ஒற்றைத் தலைவலிக்காரர்களும், காரில் புத்தகம் படித்தால் தலைசுற்றுபவர்களும் கப்பலிலும் அவஸ்தைப்பட வாய்ப்பு அதிகம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள்.

பணக்காரர்கள் இடம் மாறிய கதை

விலையும் அசைவும் எப்போதும் இப்படிக் கைகோத்து நடந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அட்லாண்டிக் கடலைக் கடந்த நீராவிக் கப்பல்களில் முதல் வகுப்பு பின்முனையில் இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்திலிருந்து வந்த பழக்கம். 1871-ல் முதல் பயணம் புறப்பட்ட ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் 'ஓஷியானிக்' அதை மாற்றியது. முதல் வகுப்பை இயந்திரத்தின் அதிர்வும் அலையின் வீச்சும் குறைந்த நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. அதன் பிறகு நீண்ட காலம் பணம் வாங்கியது அசையாமையை. ஏழைகளுக்குக் கிடைத்தது முனைகள்.

தமிழர்களின் கப்பல் அனுபவம் பெரும்பாலும் அந்த மறுபக்கத்தைச் சேர்ந்தது. 1926-ல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா'வில் ஆயிரக்கணக்கானோர் அறையே இல்லாத டெக் பயணிகளாகப் போனார்கள். பாயை விரித்த இடம்தான் அறை. முதலில் ஏறியவருக்கு நல்ல இடம்.

1980-களுக்குப் பிறகு உல்லாசக் கப்பல்களில் பால்கனி அறைகள் பெருகியபோது கதை மீண்டும் திரும்பியது. பால்கனிகளை உயிர்காக்கும் படகுகளுக்கு மேலே உள்ள தளங்களில்தான் வரிசையாக அமைக்க முடிகிறது. எனவே விலை உயர்ந்த அறைகள் மேலே ஏறின. மிகப் பெரிய சூட்களுக்கு அகலமான இடம் முகப்பிலும் பின்முனையிலும் கிடைத்தது. கடலைப் பார்க்கும் உரிமைக்கு விலை வந்தது. நடுவே, கீழே, ஜன்னல் இல்லாமல் கிடந்த அறை மலிவானது. அசையாமை இலவச இணைப்பாகிவிட்டது.

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்களிலும் இதே முரணைக் காணலாம். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், சுமார் மூன்று நாள் பயணம். டீலக்ஸ் அறைக்காரருக்குத் தனிமையும் காற்றும் வெளிச்சமும். அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்புக்காரருக்கு ஆட்டம் குறைவு. ஆனால் பெருங்கூட்டம் அடைந்து கிடக்கும் கூடத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் அந்த வாடை அடுத்த பத்துப் பேரைக் கவிழ்த்துவிடும். இடம் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

ஆட்டத்தைப் பணத்தால் வெல்ல முயன்று தோற்றவர்களில் முதன்மையானவர், எஃகு தயாரிப்பில் புரட்சி செய்த ஹென்றி பெஸ்ஸமர். 1868-ல் கலேயிலிருந்து டோவர் வந்த கப்பலில் படாத பாடு பட்ட அவர், கப்பல் ஆடினாலும் ஆடாத கூடம் ஒன்றை வடிவமைத்தார். அச்சில் தொங்கும் அந்தக் கூடத்தை நீர்விசை இயந்திரம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் பெயரிலேயே கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1875-ல் ஒருமுறைக்கு இருமுறை கலே துறைமுகத்தின் பாலத்தில் மோதியது. மே மாதம் நடந்த பொதுப் பயணத்தின்போது, கூடம் அசையாதபடி பூட்டியே வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி மூழ்கியது. கூடம் ஒரு வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையாக முடிந்தது. அங்கே அது நிச்சயமாக ஆடவில்லை.

இரண்டே இரவு என்பதுதான் சிக்கல்

உடல் கடலுக்குப் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்கிறது. நான்காம் நாள் பெரும்பாலோர் சாதாரணமாக நடமாடுகிறார்கள். மாலுமிகளின் ரகசியம் அதுதான். ஆனால் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் உல்லாசப் பயணங்களில் பல இரண்டு முதல் ஐந்து இரவு வரைதான். உடல் பழகும் நேரத்தில் கப்பல் கரையைத் தொட்டுவிடுகிறது. கற்ற பாடம் உடனே மறப்பதில்லை என்பதால் வீடு திரும்பிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோலத் தோன்றும். ஆகவே குறுகிய பயணத்தில்தான் அறையின் இடம் மிக முக்கியமாகிறது.

அதைவிட முக்கியம் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்களின் காலம். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ல் 'செரியபாணி' என்ற சிறு கப்பல் விடப்பட்டபோது, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒரே வாரத்தில் சேவையை நிறுத்த வேண்டியிருந்தது. கடல் பொங்கும் நாளில் எந்த அறையும் அசையாத அறை அல்ல. குறைவாக ஆடும் அறை, அவ்வளவுதான்.

அறை பதிவு செய்யுமுன்

கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது முதல் வேலை. பல கப்பல்களில் அறை எண்ணின் தொடக்கம் தளத்தைக் குறிக்கும். மீதி எண்கள் முகப்பிலிருந்து பின்நோக்கி வளரும். வரைபடத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது. லிஃப்ட் இருக்கும் இடமே நடு என்று நினைத்துவிடக் கூடாது.

சில நிறுவனங்கள் அறை எண் சொல்லாமல், தரத்தை மட்டும் சொல்லி மலிவாக விற்கின்றன. எந்த அறை என்பதைப் பிறகு அவர்களே முடிவு செய்வார்கள். தலைசுற்றும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த மலிவு விலை அதிகம்.

நடுப்பகுதி, கீழ் அல்லது இடைத் தளம், ஓரத்தைவிட உட்புறம் என்பது பொது விதி. அதிலும் விலக்கு உண்டு. மிகக் கீழே இயந்திரத்தின் இரைச்சல் கேட்கலாம். பின்முனையில் புரொப்பல்லரின் அதிர்வு. முகப்பில் அலை அறையும் சத்தமும் விடியற்காலையில் நங்கூரச் சங்கிலியின் கடகடப்பும். அறைக்கு நேர் மேலே நடன அரங்கு இருந்தால் கடல் அமைதியாக இருந்தும் பயனில்லை.

ஜன்னல் இல்லாத அறையில் தொடுவானத்தைப் பார்க்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபணை. அசையாத தொடுவானத்தைப் பார்க்கும்போது கண்ணும் காதும் சமரசமாகின்றன. ஆனால் கண்ணை மூடி மல்லாந்து படுத்தாலும் ஏறக்குறைய அதே பலன். கண் சாட்சி சொல்வதையே நிறுத்திவிடுகிறது. பார்வையும் வேண்டும், ஆட்டமும் குறைய வேண்டும் என்றால் நடுப்பகுதியின் கீழ்த் தளத்தில் மூடிய ஜன்னல் கொண்ட அறை நல்ல சமாதானம். வேகமாகப் பாயும் சிறு கப்பல்களில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்காருவது உத்தமம்.

அவோமின் போன்ற மாத்திரைகள் குமட்டல் வந்த பிறகு அதிகம் உதவுவதில்லை. புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். தூக்கம் வரும். கண் நீர் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. வயிற்றைக் காலியாக வைப்பதும் தவறு, விருந்து சாப்பிடுவதும் தவறு. இஞ்சியும் சுக்கும் சிலருக்குக் கைகொடுக்கின்றன, கெடுதல் இல்லை.

பால்கனி கிடைக்கவில்லையே என்று வருந்துவோருக்கு ஒரு செய்தி. கப்பலின் உச்சியில் இருக்கும் திறந்தவெளித் தளம் எல்லாத் தரப் பயணிகளுக்கும் பொது. சூரியோதயத்தைப் பார்க்க அங்கே தனிக் கட்டணம் கிடையாது. அறையில் செய்ய வேண்டிய வேலை தூங்குவது ஒன்றுதான்.